நாற்பத்து மூன்று கோடுகள்

அந்த வாரம் எடின்பரோவில் பெய்தது மழையா, பனியா என்று மோரக்குக்கு இப்போது நிச்சயமில்லை. வருடம்கூட ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறா, ஏழா என்று குழப்பம்தான். ஒரு கல்லில் இருந்த கோடுகள் மட்டும் அப்படியே நினைவிருக்கின்றன.

குலச்சின்னங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் அந்தச் சின்னங்கள் பொறித்த கேடயங்களை வரைந்து வண்ணம் தீட்டுபவள் அவள். சின்னங்கள் பற்றிய தகராறுகளை விசாரிக்கும் கிரைட்டன் வெளியே போனால் அவளும் கூடவே கிளம்பிவிடுவாள். அன்று அவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தவள் ஜெஸ்ஸி பிர்னி.

"என் வீட்டுக்காரர் கல்லறையில இருக்கிற சின்னத்தைக் கொத்தி எடுக்கணும்னு வழக்குப் போட்டிருக்காங்க ஐயா. திங்கக்கிழமை தீர்ப்பு. கொத்தனாருக்கு இப்பவே சொல்லி வெச்சாச்சாம்."

"யாரு?"

"டார்க்வில் பிர்னி. தூரத்துப் பங்காளி, விஸ்கி வியாபாரி. அவர்தான் மூத்த கிளையாம், நாங்க திருட்டுச் சின்னம் வெச்சிருந்தோமாம். கேடயமா எனக்குச் சோறு போடுது? ஆனா போர்ல போன மனுஷன் ஐயா. என் பொண்ணு அந்தக் கல்லைத் தடவித்தான் அப்பாங்குது."

ஒரு சின்னம் ஒரே ஆளுக்கு, அவருக்குப் பின் அவர் வாரிசுக்கு. ஸ்காட்லாந்துச் சட்டம் இதில் விளையாடாது. உரிமையில்லை என்று தீர்ப்பானால் உளி வந்தே தீரும்.

மறுநாள் டார்க்விலின் பார்லிக் கொட்டகைக்குப் போனார்கள். அவர் ஆதாரமாகக் காட்டிய கல் சுவரில் பதிந்திருந்தது: கேடயத்தில் மூன்று கிளிஞ்சல்கள், அவருடைய முன்னோர் பெயர், 1571 என்ற ஆண்டு. கேடயத்தின் பின்புலம் முழுக்க மெல்லிய நெடுக்குக் கோடுகள், எல்லாம் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தவை. பாசியில் புளித்த பால் வாடை அடித்தது.

"தொட்டுப் பாருங்க, பெயிண்டரம்மா. காசு வாங்க மாட்டேன்" என்று சிரித்தார் டார்க்வில். "பாட்டில்ல ஒட்ட இந்தச் சின்னம் போட்ட லேபிள்கூட அச்சாயிடுச்சு."

மோரக் கைகளைக் கோட்டுப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இதை யாராவது பின்னாடி திருத்தினாங்களா? புதுசா கோடு கீறினாங்களா?" என்றார் கிரைட்டன்.

"ஒருத்தரும் கை வெச்சதில்ல. அன்னிக்குச் செதுக்கினபடியே இருக்கு."

அன்று மாலையே ரயிலில் திரும்பினார்கள். கிரைட்டன் ஜன்னலைப் பார்த்தார். மோரக் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை கல்லை விசாரணை அறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

"இந்தக் கோடெல்லாம் எதுக்கு, மிஸ்டர் பிர்னி?" என்று டார்க்விலைக் கேட்டார் கிரைட்டன்.

"அழகுக்குத்தான்."

"இல்ல. நெடுக்குக் கோடுன்னா சிவப்பு, படுக்கைக் கோடுன்னா நீலம். புத்தகத்துல வண்ணம் அச்சடிக்க முடியாம வந்த வழக்கம். அது ஐரோப்பாவுல நிலைச்சதே இந்தத் தேதிக்கு அறுபது வருஷம் கழிச்சு. கல்லைப் பழசாக் காட்டப் பால் தடவிப் பாசி வளர்க்கத் தெரிஞ்சவருக்கு இது தெரியாமப் போச்சு. ஏதோ ஒரு படத்தைப் பார்த்து அப்படியே செதுக்க வெச்சிருக்கீங்க."

"எந்தப் படம்? கொண்டு வந்து காட்டுங்க பார்ப்போம்!"

கிரைட்டன் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஜெஸ்ஸி அழக்கூட இல்லை.

மோரக் எழுந்தாள். "என் படம். புத்தகத்துல ஒட்டணும், பிர்னி சின்னம் வேணும்னு போன வருஷம் ஒரு கடிதம் வந்தது. சிவப்புக்குப் பதிலா கோடு போட்டு வரைஞ்சு அனுப்பினேன். நான் இடது கைக்காரி, என் கோடு இப்படித்தான் சாயும். நகல் கோப்புல இருக்கு. எண்ணிப் பாருங்க, நாற்பத்து மூணு. மூணாவது கிளிஞ்சல் பக்கத்துல பேனா வழுக்கி ஒரு கோடு பாதியில நின்னிருக்கும். கல்லுலயும் நிக்குது."

நகலை எடுத்துவந்து பார்த்தார்கள். நின்றிருந்தது. செத்தவன் கல்லறையைச் சுரண்டத் தன் கையே துணை போயிருக்கிறது என்று எண்ணியபடி அவள் இடது கையைக் கோட்டுப்பைக்குள் திணித்தாள்.

படிக்கட்டில் கேட்டாள்: "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"கொட்டகையில நீ கல்லைத் தொடல. எதைக் கண்டாலும் தொட்டுப் பார்க்கிறவ."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவியான்னு பார்த்தேன்."

வழக்கில் தோற்ற டார்க்வில் அபராதம் கட்டினார், லேபிள்களை எரித்தார், பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். ஜெஸ்ஸி ஒரு மீன் வியாபாரியை மணந்துகொண்டாள். சின்னம் மகள் பெயரில் பதிவானது. கிரைட்டன் ஐம்பத்தாறில் இறந்தார். மோரக் அந்த வருடமே வேலையை விட்டு, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினாள். ஜெஸ்ஸியின் முதல் கணவர் ராபின் பிர்னியின் கல்லறையில் மூன்று கிளிஞ்சல்களும் இன்னும் இருக்கின்றன.