கழுத்து முறிந்த டபிள் பேஸ்

கலைஞனின் இதயம் ஒருமுறை உடைந்தால், பூமியில் எந்தப் பசையாலும் அதை ஒட்ட முடியாது. கற்பிட்டி கில்பட் ஆறு வருடமாக இதைத்தான் சொல்லிவந்தார். அன்று காலையும் பிட்டுக்கு மீன்குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார். இரண்டாம் தரம் பிட்டு வாங்கியபோதும் சொன்னார். மனைவியிடம் அல்ல, பக்கத்து வீட்டில், அக்கா றோசமேரியிடம்.

மனைவி கத்தரினாவோடு அவர் கதைப்பதில்லை. ஆறு வருடத்துக்கு முன் அவள் அறை கூட்டும்போது தும்புத்தடி பட்டு, மூலையில் நின்ற டபிள் பேஸ் சரிந்து, வயிறு பிளந்து கழுத்து முறிந்தது. ஆளைவிட உயரமான வயலின் அது. நீர்கொழும்பில் கலைந்துபோன ஒரு வாத்தியக் கோஷ்டியிடம் வாங்கியது. கில்பட்டின் தொழில் மீன்பிடி வள்ளம்தான். ஆனால் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் கறுப்புக் கோட்டோடு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். வீட்டில் ஒருநாளும் வாசித்ததில்லை. துடைப்பார்.

முறிந்த நாளிலிருந்து, ஒரே கூரையின் கீழ் படுத்தும், சொல்ல வேண்டியதை அக்கா மூலம் சொல்லியனுப்பினார். "தம்பி சொல்லச் சொன்னான், வெள்ளைச் சேட்டுக்குப் பொத்தான் இல்லையாம்" என்று றோசமேரி வேலிக்கு மேலால் கூப்பிடுவாள். பொத்தான் தைக்கப்படும்.

அன்று வந்த செய்தி வேறு.

"புள்ள கத்தரினா… அன்னம்மா கோயில் திருவிழா முடிய, தம்பி என்ட வீட்டுக்கே வாறானாம். உடுப்பெல்லாத்தையும் கட்டி வையன்!"

"மச்சாள்… ஆறு வருசமா ஒரு சொல்லு இல்ல. இனி ஆளும் இல்லயா?"

"ஒரு கலைஞன்ட கையை முறிச்சிட்டு அழுறியே!"

"கையை முறிக்கல்ல மச்சாள்… கட்டையத்தான்…"

"பார், இன்னும் வாய்!"

கத்தரினா அறைக்குள் போனாள். மகள் டெனிஷா இத்தாலியில். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து, "அப்பா கதைச்சாரா?" என்று கேட்பாள். "கடலுக்குப் போயிட்டார் மகள்" என்று இவள் சொல்வாள். மூலையில் பேஸ், கட்டில் விரிப்பால் மூடி, பிரேதம் போலக் கிடந்தது. அது எழும்பி நின்றால் அவர் ஒரு சொல்லாவது கதைப்பார்… அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் பேஸ் ஒட்டுவதைப் பார்த்தாள். பாஷை விளங்கவில்லை, கைகளை மட்டும் பார்த்தாள். கில்பட் கடலுக்குப் போனதும் வேலை தொடங்கும்; அவர் வருமுன் விரிப்பு மறுபடி மூடும். வச்சிரப் பசையைச் சுடுநீரில் கரைத்து, பிளந்த வயிற்றை ஒட்டினாள். இறுக்கிப் பிடிக்க இடுக்கி இல்லை. வலைக் கயிற்றைச் சுற்றி, அகப்பைக் காம்பைச் செருகி முறுக்கி, மேலே வெங்காய மூட்டையை ஏற்றினாள். வயிற்றுக்குள் நிற்க வேண்டிய கட்டையைக் கறையான் தின்றிருந்தது. அது இல்லாவிட்டால் குரல் வராது. தும்புத்தடியில் ஒரு துண்டை அறுத்து உள்ளே நிறுத்தினாள். அறுந்த நரம்புக்குச் சுறா பிடிக்கும் தடித்த தங்கூசி நூல். வேலை செய்யும்போது அதோடு கதைத்தாள். கழுத்தில்லாததோடு கதைப்பது, கழுத்துள்ளவரோடு கதைப்பதைவிட இலேசாக இருந்தது.

கழுத்தைக் கடைசியில் எடுத்தாள். பழைய பசை இளகட்டும் என்று கேத்தல் ஆவியைப் பிடித்தாள். பசை இளகவில்லை. மேலேயிருந்த மண்ணிறம்தான் ஒழுகியது. முகர்ந்து பார்த்தாள். சப்பாத்துப் பொலிஷ்! அதற்குக் கீழே, முறிவுக்குள், வள்ளத்துக்குப் பூசும் பைபர் பசை, நல்ல நீலம். கரையில் வேறு எந்த வள்ளத்திலும் இல்லாத, தானே கலக்கிய நிறம் என்று கில்பட் பெருமையடிக்கும் அதே நீலம்.

கத்தரினா கேத்தலைக் கீழே வைத்தாள். ஐயோ… விழுந்த நாளிலிருந்து இதை யாரும் தொட்டதில்லை; அவள் தும்புத்தடி படுவதற்கு முன்பே இது முறிந்திருக்கிறது! முறித்தவர் ஒட்டி, பூசி, மூலையில் சாத்தியிருக்கிறார்!

றோசமேரியின் ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஒரு சத்தம் போட்டால் போதும். கத்தரினா கண்ணைத் துடைத்துவிட்டுக் கேத்தலை மறுபடி அடுப்பில் வைத்தாள். பைபரைச் சுரண்டி, முறிவுக்கு நடுவே ஒரு மர ஆணியை இறக்கி, வச்சிரத்தால் ஒட்டினாள். விரலளவு நீலம் சுரண்ட வராமல் மிஞ்சியது. பொலிஷ் டப்பா அலுமாரியில் இருந்தது. அவள் பூசவில்லை.

திருவிழா முடிந்த காலை, கில்பட் பெட்டியோடு அறையிலிருந்து வெளிப்பட்டார். கூட்டிப்போக அக்கா வாசலில் நின்றாள். நடு வீட்டில் பேஸ் நிமிர்ந்து நின்றது.

"அக்கா… கேள், ஆர் இத ஒட்டினதெண்டு," என்றார், மனைவியின் முகத்துக்கு முன்னால் நின்றுகொண்டு.

றோசமேரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனாள். "தம்பி, இஞ்ச வா. இது உன்ட வள்ளத்து நீலமெல்லோ?"

"அது… கடல் காத்துக்கு…"

"கடல் காத்துக்குப் பைபர் முளைக்குமாடா?"

கில்பட்டின் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது.

"கல்யாண வீட்டில கீபோட் வந்திட்டுது அக்கா… 'அண்ணே, இனி நீங்க மினக்கெட வேணாம்' எண்டாங்க. அண்டைக்கு லொறியால இறக்கேக்க நாந்தான் விழுத்தினன். ஒட்டி மூலையில நிப்பாட்டினன். பிறகு இவள் தட்டி விழுத்தினது… எனக்கு வசதியாப் போச்சு. உடைஞ்சதெண்டா வாசிக்க ஏலாது எண்டு சொல்லலாம். உடையாட்டி, ஒருத்தரும் கூப்பிடல்ல எண்டெல்லோ சொல்லோணும்!"

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே…" என்றாள் கத்தரினா. "ஆறு வருசம் நான் சுவரோட கதைச்சன்!"

"கத்தரினா!"

ஆறு வருடத்தில் முதல் தரம்! அவர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்; பேஸும் நடுவில் அகப்பட்டது. அவள் அழுதுகொண்டே அதன் கழுத்தைத் தாங்கிப் பிடித்தாள். "மெதுவா… பசை இன்னும் முழுசாக் காயல்ல."

"என்னை மன்னிச்சுக்கொள் புள்ள," என்றாள் றோசமேரி. பெட்டியைத் தானே உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

பசை காய்ந்ததும், கில்பட் கறுப்புக் கோட்டைத் தேடிப் போட்டார். பொத்தான் பூட்டுப்படவில்லை. பேஸை அணைத்து, கண்ணை மூடி, நரம்பைத் தட்டினார். டொம்… டொம்… டொம்… தடித்த சத்தம் சுவரைத் தாண்டிப் போனது. கோஷ்டியில்லாமல் அதன் குரலைக் கத்தரினா ஒருநாளும் கேட்டதில்லை. கதிரையில் இருந்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள்.

"எப்ப தொடங்குவீங்க?" என்று கடைசியில் கேட்டாள்.

அவர் அப்போது பாட்டை இரண்டாம் தரம் வாசித்து முடித்திருந்தார்.