கோடு போட்ட ஏழு

ராஜபாளையத்தில் அபுதாஹிரின் மூக்குக் கண்ணாடிக் கடைக்குள் கேத்ரின் டீச்சர் ஓட்டமும் நடையுமாக நுழைந்தபோது மணி இரண்டு. இப்படி யாராவது வந்து நின்றால் ஆட்டோக்கார மாரிசாமிக்குச் சோறு தண்ணி வேண்டாம். அபுதாஹிர் பாய் மர்ம முடிச்சை அவிழ்ப்பதைக் கிட்ட இருந்து பார்த்தால் போதும்.

"பாய், நாலு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல அப்பாவோட வாழ்க்கைப் புஸ்தகத்தை வெளியிடுதாக. அதுல அவிய எழுதுனதுன்னு இந்தக் கடிதத்தைச் சேர்த்திருக்காக. எழுத்து அவிய எழுத்து மாதிரியே இருக்கு; ஆனா சத்தியமா அப்பா எழுதியிருக்க மாட்டாக!"

போன வருடம் காலமான கமாண்டர் வில்சன், கடற்படையில் முப்பது வருடம் கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் போட்டவர். அந்தப் படங்களை நம்பித்தான் கப்பல்கள் போகின்றன. கடிதமோ, 'மன்னார் வளைகுடாவில் மூன்று இடங்களில் அளக்காமலே ஆழம் குறித்தேன்' என்றது. கீழே மீட்டர் கணக்கில் 4, 6, 7. ஒவ்வொன்றின் அடியிலும் அழுத்தமாக ஒரு கோடு.

"வீட்டுல அவரு காகிதத்தை யாரெல்லாம் தொட்டாக?" என்றார் அபுதாஹிர்.

"ரெண்டே பேரு. புஸ்தகம் எழுதுன கௌதம்ராஜ். பொறவு, அப்பாவுக்குக் கீழ கப்பல்ல வேலை பார்த்த விஜயபாண்டி அண்ணன். அப்பா குடுத்த ரிப்போர்ட்டாலதான் அவருக்குப் பதவி உயர்வு போச்சு."

"அப்பொ அவருதான் பாய்!" மாரிசாமி துள்ளினான்.

அபுதாஹிர், டீச்சர் கொண்டுவந்த கடல் வரைபடத்தை விரித்து, ஓரத்துப் பொடி எழுத்துகளை லென்ஸ் வைத்துப் படித்தார். பிறகு, "வண்டியை எடு" என்றார்.

மாரிசாமி ஆட்டோவை விரட்டிய விரட்டில் மூன்றுக்கெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் விழா மண்டபம் வந்துவிட்டது. பக்க அறையில் கௌதம்ராஜ், விஜயபாண்டி இருவரையும் உட்காரவைத்து, அபுதாஹிர் கடிதத்தை முதலில் விஜயபாண்டியிடம் நீட்டினார். எண்களைப் பார்த்ததுமே அவர் சிரித்துவிட்டார்.

"ஏழு மீட்டர் பாறையா? மன்னார் கடல்ல தண்ணி ஒரு மீட்டர் ஏறி இறங்குறதே பெருசு!"

"பாறையா? அது ஆழம்" என்றார் கௌதம்ராஜ்.

"அங்கதான் மாட்டிக்கிட்டீங்க" என்றார் அபுதாஹிர் அமைதியாக. "கடல் வரைபடத்துல வெறும் எண்ணுன்னா ஆழம். அடியில கோடு போட்டா, தண்ணி வத்துனா வெளிய தெரியுற பாறையோட உயரம். படத்து ஓரத்துலயே போட்டிருக்கு. கமாண்டரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டாரு, விஜயபாண்டியும் செய்ய மாட்டாரு. உங்க கையெழுத்துப் பிரதியைக் காட்டுங்க."

பிரதியில் பிறந்த வருடம், ஓய்வு பெற்ற வருடம் என்று எல்லா எண்ணுக்கும் அடியில் அதே அழுத்தமான கோடு. கௌதம்ராஜ் பிரதியைப் பிடுங்கி மூடினார்.

"ஒரு குத்தமும் பண்ணாத மனுசன் கதையை எவன் சார் வாங்கிப் படிப்பான்?"

"வாசல்லயே புஸ்தகத்தைக் குடுத்து, வெளிய நூறு பேரு அதைப் படிச்சிட்டாக. இனி நான் சொன்னா யாரு நம்புவா?" என்றார் டீச்சர்.

விஜயபாண்டி எழுந்தார். யாரையும் கேட்காமல் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"அந்தக் கடிதம் பொய். பொய்யா ஆழம் எழுதுனது நான். வேலை நேரத்துல தூங்கிட்டு, இட்டுக்கட்டி எழுதிட்டேன். அதுக்காகக் கப்பலையே திருப்பி, மூணு நாள் அம்புட்டையும் மறுபடி அளக்க வச்சாக கமாண்டர். என் பதவி உயர்வு போனது அதனாலதான். இருபத்தாறு வருசமா என் பொண்டாட்டிகிட்டகூட இதைச் சொன்னதில்ல."

கேத்ரின் டீச்சர் மேடைக்கு ஓடி, அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு "அண்ணே" என்றார்.