ஜாம் போத்தல் எண்ணெயும் காட்டுத் தீவும்

ரிவிப் பெட்டியில் ஓடிய படத்துக்குள் கடல் நீலமாக விரிந்து கிடந்தது. முல்லைத்தீவுக் கடலோடு வளர்ந்தவள்தான் பிறின்சி. ஆனாலும் கடலுக்கு இப்படியொரு நீலம் உண்டென்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது!

கப்பல் உடைந்து, ஓர் அண்ணனும் தங்கையும் காட்டுத் தீவில் ஒதுங்கியிருந்தார்கள். வானத்தை முட்டும் மரங்கள், மலையிலிருந்து கொட்டும் அருவி, வள்ளம் அளவுக்கு ஓர் ஆமை! கோயில் வளவில் பாய் விரித்திருந்த சனம் வாயைப் பிளந்தபடி பார்த்தது. படம் இங்கிலீசில் பேசியது. ஒருவருக்கும் விளங்கவில்லை, ஒருவரும் கவலைப்படவும் இல்லை.

"அக்கா, ஆமை கடிக்குமோ?" தம்பி துசியந்தன் அவளோடு ஒட்டிக்கொண்டான்.

"கடிக்காது. பேசாமல் பார்."

தீவுப் பிள்ளைகள் கரையில் விறகை அடுக்கி நெருப்பு மூட்டினார்கள். புகை மேலே போனது. தூரத்தில் 'தடதட' என்று ஒரு சத்தம் கேட்டது.

"ஹெலி! படுங்கோ!" யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். சண்டை நடக்கும் ஊரில் ஹெலிகொப்டர் சுடத்தான் வரும்; வளவு முழுக்கக் குப்புறப் படுத்தது. ரிவி கொண்டுவந்த ஸ்ரனிஸ்லஸ் மாமாகூட மேசைக்குக் கீழே போய்விட்டார்.

சத்தம் சட்டென்று நின்றது. பிறின்சி தலையைத் தூக்கிப் பார்த்தாள். வானத்தில் வெள்ளிகள் மட்டுமே மின்னின.

"மாமா, அது படத்துக்குள்ள வந்த ஹெலி!"

மணலைத் தட்டிக்கொண்டு எழும்பிய சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் பெட்டி இருண்டு கிடந்தது. ஜெனரேற்றர் நின்றுபோயிருந்தது.

"மண்ணெண்ணெய் முடிஞ்சுது பிள்ளையள். விடிய நான் பூநகரிக்கு வெளிக்கிடோணும். இவ்வளவுதான் படம்," என்றார் மாமா.

துசியந்தனின் உதடு பிதுங்கியது. "அப்ப ஹெலி அவையளைக் காணேல்லையோ? அவையள் தீவிலயே கிடக்கப் போகினமோ?"

அந்தப் பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய் எப்படி நித்திரை கொள்வது?

பிறின்சி வீட்டுக்கு ஓடினாள். கரண்ட் இல்லாத அந்த ஊரில், ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெயும் பஞ்சும் போட்டு எரிக்கும் விளக்கைக் கையில் எடுத்தாள்.

"அது படிக்க வைச்ச எண்ணெயடி!" என்றார் அம்மா.

"நாளைக்கு வெயில் இருக்கேக்கையே படிச்சு முடிப்பன் அம்மா. அவையள் பாவம்."

அம்மா அவளை ஒரு கணம் பார்த்தார். "சரி, சிந்தாமல் கொண்டு போ."

பிறின்சி நீட்டிய போத்தலைப் பார்த்து மாமா சிரித்தார். "இது மூக்குப்பொடி அளவுகூட இல்லையே பிள்ளை!"

"ஊற்றுங்கோ மாமா."

அதைக் கண்ட தோழி கலிஸ்ராவும் தன் வீட்டுக்கு ஓடினாள். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஜாம் போத்தல்கள் வந்தன. வளவெல்லாம் எண்ணெய் மணம். ஜெனரேற்றர் இருமியது, செருமியது, பிறகு உறுமியது!

பெட்டிக்குள் கரை நெருப்பு மீண்டும் எரிந்தது. மறுபடியும் 'தடதட'. துசியந்தன் குனியப் பார்த்தான். பிறின்சி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தீவுப் பிள்ளைகள் ஓடி ஒளியவில்லை. இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஹெலியை நோக்கி ஓடினார்கள். அது மெல்ல இறங்கி அவர்களை ஏற்றிக்கொண்டது. வீட்டுக்குக் கூட்டிப்போகவும் ஒரு ஹெலி வருமா! சனம் கைதட்டக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது ஊரில் ஒரு வீட்டிலும் வெளிச்சமில்லை. துசியந்தன் அக்காவின் கையைப் பிடித்தபடி நடந்தான்.

"அக்கா, எங்கட எண்ணெயிலதானே அந்த நெருப்பு எரிஞ்சது?"

"ஓமடா."

"அப்ப ஹெலிக்குத் தெரிஞ்சது எங்கட விளக்குத்தான்," என்று அவன் இருட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.