சீல் வைத்த கடல்பாசி

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்து அடுக்குமாடியில் இரண்டாவது மாடிக் கதவை ஒரு பெண்மணி தட்டினார். பெயர் ஹமீதுன்னிசா. மீர்சாகிப்பேட்டைக்காரர், ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு காகிதம். முகத்தில் அழுகை இல்லை. நாலு நாள் அழுது தீர்த்த பிறகு மிஞ்சும் கோபம் இருந்தது.

அவருக்குப் பின்னால் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார் தேசிங்கு. ஆட்டோக்காரர். மீட்டர் போடுவதில் இல்லாத ஆர்வம் அவருக்குத் துப்பறிவதில் உண்டு.

"மாமி, கேஸு ஒண்ணு கீது. நான்தான் இட்டாந்தேன்."

கதவைத் திறந்த விசாலாக்ஷி இருவரையும் பார்த்தார். அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் என்சைம்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்திரண்டு வருஷத்தில் என்சைம்கள் மீது அவருக்கு மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. மனிதர்கள் மீது இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயே போய்விட்டது. ஆனாலும் தெருவில் யாருக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் அவரிடம்தான் வருவார்கள், திட்டு வாங்கிக்கொண்டு விடையோடு திரும்புவார்கள்.

"உக்காருங்கோ. அழாம, சுத்தி வளைக்காம சொல்லுங்கோ."

"அழறதுக்கு வரலம்மா," என்றார் ஹமீதுன்னிசா. "அஞ்சு வருஷமா கல்யாண மண்டபங்களுக்கு இளநீர்க் கடல்பாசி செஞ்சு குடுக்கிறேன். பாசியைக் காய்ச்சி இளநீர்ல உறைய வெக்கிற இனிப்பு, நோன்புல எங்க வீட்ல செய்யிறதுதான். சாப்பிட்டவங்க கேக்கக் கேக்க அதுவே தொழிலாயிடுச்சு. எங்கூட ரெண்டு பொம்பளைங்க வேலை செய்றாங்க. போன ஞாயித்துக்கிழமை தி.நகர்ல ஒரு கல்யாணம். மண்டபம் சுந்தரவல்லியம்மாவோடது, சுத்த சைவம். மதியச் சாப்பாட்டுக்கு அன்னாசி போட்டு எட்டுத் தட்டு கொண்டு போனேன். ஒரு துண்டு மிஞ்சல. மறுநாள் காலையில, அங்க சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிற சண்முகவேல், என் கடல்பாசியில எலும்புப் பொடி கலந்திருக்குதுன்னு சொல்லிட்டாரு. தட்டுல இருந்து எடுத்து சீல் வெச்சேன்னு ஒரு டப்பாவை லேபுக்கு அனுப்பினாரு. நேத்து ரிப்போர்ட் வந்துடுச்சு."

காகிதத்தை நீட்டினார். விசாலாக்ஷி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். ஜெலட்டின் உள்ளது, ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம் கண்டறியப்பட்டது என்று இருந்தது.

"இன்னா மாமி அது, வாய்லயே நுழைய மாட்டேன்னுது?" என்றார் தேசிங்கு.

"புரதம்னா மணி மாலை மாதிரி. ஒவ்வொரு மணியும் ஒரு அமினோ அமிலம். மிருகத்தோட எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கற புரதம் ஜெலட்டின். அந்த மாலையில இந்த ஒரு மணி நிறைய இருக்கும். கடல்பாசியில புரதம்னு சொல்லிக்கறதுக்கு ஒண்ணுமே கிடையாது, அது சர்க்கரை வகைச் சங்கிலி. லேப்காரா ஒழுங்காத்தான் பண்ணியிருக்கா."

ஹமீதுன்னிசா எழுந்துவிட்டார். "அப்ப நான் பொய் சொல்றேனா? அது எங்க வீட்லயும் ஆகாதும்மா! எந்த மிருகம், எப்படி அறுத்ததுன்னு தெரியாத எலும்பை என் பிள்ளைங்களுக்கே குடுக்க மாட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு மண்டபத்துக்கு வரச் சொல்லியிருக்காங்க. மண்டபக்காரங்க எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்புல என் பேரைப் போட்டு, யாரும் ஆர்டர் குடுக்காதீங்கன்னு எழுதப் போறாங்களாம். எழுதிட்டா என் பொழப்பு முடிஞ்சுது."

"உக்காருங்கோன்னேன். அன்னாசி டின்னுல வாங்கினதா?"

"டின்னா? அது வெறும் சர்க்கரைத் தண்ணி. கோயம்பேட்டுப் பழம், அன்னிக்குக் காலையில நானே அறுத்தேன்."

"வேக வெச்சேளா?"

"எதுக்கு? பாசி கொஞ்சம் ஆறினதும் அப்படியே போடுவேன்."

"உறைஞ்சுதா?"

"கத்தியால துண்டு போட்டு அடுக்கினேனே!" என்று ஹமீதுன்னிசா தன் ஃபோனை எடுத்துக் காட்டினார். சாப்பாட்டுக் கூடத்து மேசையில் எஃகுத் தட்டு. அதில் அன்னாசித் துண்டு தெரியும் சதுரங்கள், ஓரம் மழுங்காமல் நின்றன. படம் எடுத்த நேரம் ஒன்று நாற்பது.

"கீழ ஐஸ் வெச்சிருந்தாளா?"

"ஐஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னிக்குன்னு பாத்து ஏசி வேற பன்னண்டு மணிக்கே படுத்துடுச்சு. மே மாச வெயில். எல்லாரும் இலையை வெச்சு விசிறிக்கிட்டாங்க."

விசாலாக்ஷி படத்தை வெகுநேரம் பார்த்தார். காலையிலிருந்து அவர் முகத்தில் இருந்த சலிப்பு போய்விட்டது.

"லேபும் நிஜம், நீங்களும் நிஜம். அப்படின்னா டப்பாதான் பொய். தேசிங்கு, தி.நகர்ல கேக் சாமான் விக்கற கடை இருக்கோல்லியோ, அங்க போய் ஜெலட்டின் ஒரு பாக்கெட் வாங்கிண்டு வா. வர வழியில ஒரு அன்னாசிப்பழம். நீங்க ஆத்துக்குப் போய் உங்க கடல்பாசியைக் கொண்டு வாங்கோ."

தேசிங்கு பத்து மணிக்குத் திரும்பியபோது வாயெல்லாம் பல்லாக இருந்தது.

"மாமி, ஒரு கூத்து கேளு. ஜெலட்டின் குடு, அன்னாசி போட்டு செய்யணும்னு கடைக்காரர்ட்ட சொன்னேன். அவரு கையெடுத்துக் கும்புட்டுட்டாரு. போன சனிக்கிழமை ஒருத்தர் வந்து வாங்கிக்கினு போயி, மத்தியானமே திரும்பி வந்து சண்டையாம். ‘உன் சரக்கு போலி, உறையவே இல்ல, தண்ணியாக் கீது’ன்னு கடையையே ரெண்டாக்கிட்டாராம். கடைக்காரர் பொறுமையா, ‘அறுத்த அன்னாசி போட்டா அப்படித்தான் சார் ஆவும், டின்னு அன்னாசி போட்டுக்கோ’ன்னு சொல்லி ஒரு டின்னும் குடுத்து அனுப்பிக்கிறாரு."

"அந்த மனுஷன் யாருன்னு கேட்டியா?"

"கேக்கவே வேணாம். ‘நான் யார் தெரியுமா’ன்னு இத்த வுட்டெறிஞ்சுட்டுப் போய்க்கிறான்." சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்தார் தேசிங்கு.

விசாலாக்ஷி அதைப் படித்தார். சிரிக்கவில்லை. அருவருப்பான எதையோ எடுப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நாலு மணிக்கு மண்டபத்து அலுவலக அறையில் எல்லாரும் கூடினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் சுந்தரவல்லி. குடும்பம் தெற்கேயிருந்து வந்து பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்து, பிறகு மண்டபமும் கட்டியது. பார்வைக்குக் கறாரான பெண்மணி. கறார் எல்லாம் யார் எளியவர்களோ அவர்களிடம்தான் என்பது போகப் போகத் தெரிந்தது. ஹமீதுன்னிசாவை உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்தில் சண்முகவேல். பட்டை விபூதி, ஜரிகை வேட்டி, கழுத்தில் புலிநகச் சங்கிலி. ‘நளபாகத் திலகம்’ என்று பட்டம் வேறு. யார் கொடுத்த பட்டம் என்று விசாரித்துக்கொண்டே போனால் கார்டு அச்சடித்தவர் வரைக்கும்தான் போக முடியும்.

"நீங்க யாரும்மா?" என்று விசாலாக்ஷியைக் கேட்டார் சுந்தரவல்லி.

"இவாளுக்குத் தெரிஞ்சவ. அஞ்சு நிமிஷம் பேசிட்டுப் போயிடறேன். லேபுக்கு அனுப்பினது போக இன்னொரு டப்பா வெச்சிருப்பேளே?"

"ஃப்ரிட்ஜ்ல இருக்கு. சண்முகவேல் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டு ஒட்டினது."

"அதை இந்த மேசையில கொண்டு வந்து வையுங்கோ. மூடியைத் திறந்துடுங்கோ. அந்த ஏசியையும் அணைச்சுடுங்கோ, எனக்கு ஒத்துக்காது."

டப்பா வந்தது. உள்ளே கெட்டியான ஜெல்லி, நடுவில் ஒரே அளவாக வளைந்த அன்னாசித் துண்டுகள். விசாலாக்ஷி அதைத் தொடவில்லை. சண்முகவேல் பக்கம் திரும்பினார்.

"நடந்ததைச் சொல்லுங்கோ. நிதானமா, ஒண்ணு விடாம."

இப்படிக் கேட்டால் சண்முகவேலுக்குச் சொல்லவா வேண்டும்? தன் குருவிலிருந்து ஆரம்பித்தார். தொட்ட விருந்துகள், வந்திருந்த பிரமுகர்கள், சைவத்துக்காகத் தான் பட்ட பாடு என்று ஒரு மணி நேரம் ஓடியது. அறை கொதித்தது. தேசிங்கு கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என் அடுப்படிக்குள்ள டின்னுல அடைச்ச சாமான் ஏறினதே கிடையாது! அப்பேர்ப்பட்டவன் மூக்கு பொய் சொல்லுமா? ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு அந்தத் தட்டுக்கிட்ட போனேன். வாடை. உடனே என் கையாலேயே ரெண்டு டப்பாவுல எடுத்து, சீல் வெச்சு, கையெழுத்துப் போட்டு நேரா ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். வேற ஒருத்தர் கை படல."

"வேற ஒருத்தர் கை படல. நல்லது," என்றார் விசாலாக்ஷி. "இப்போ டப்பாவைப் பாருங்கோ."

எல்லாரும் பார்த்தார்கள். ஜெல்லி இல்லை. மஞ்சள் தண்ணீரில் அன்னாசித் துண்டுகள் சாய்ந்து கிடந்தன.

"ஜெலட்டின் முப்பத்தஞ்சு டிகிரி வெயிலைத் தாங்காது, இளகிடும். கடல்பாசி கொதிக்கற பதத்துக்குப் போனாத்தான் இளகும். இது ஞாயித்துக்கிழமை ஒண்ணு நாப்பதுக்கு எடுத்த ஃபோட்டோ. தட்டுல இருக்கறது எப்படி நிக்கறது பாருங்கோ. இந்தத் தட்டுல இருந்தா இந்தத் தண்ணி வந்தது?"

"ஐஸ் மேல வெச்சிருப்பா!" என்றார் சண்முகவேல்.

"ஐஸ் எங்க இருந்துச்சு அண்ணாச்சி?" சுந்தரவல்லி அவரையே பார்த்தார். "ஏசி போயி, ஐஸ்கிரீம் பூரா பாலாயிருச்சுன்னு சம்பந்தி வீட்டுக்காரங்க என்னைய நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டாங்களே."

விசாலாக்ஷி தன் ஐஸ் பெட்டியிலிருந்து மூன்று டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

"காலையில என் ஆத்துல பண்ணினது, மூணும் அஞ்சு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல இருந்தது. முதல் டம்ளர்ல ஜெலட்டினும் அறுத்த அன்னாசியும். ஆட்டிப் பாருங்கோ, தண்ணி. அன்னாசியில ஒரு என்சைம் இருக்கு. புரத மாலையைக் கத்திரிச்சுண்டே போறதுதான் அதோட ஒரே வேலை. மாலை அறுந்தா ஜெலட்டின் எப்படி உறையும்? ரெண்டாவது டம்ளர்ல இவாளோட கடல்பாசி, அதே அன்னாசி. கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு. அது புரதம் இல்லை, அந்தக் கத்திரிக்கு அங்க வேலை இல்லை. இவா அறுத்த பழத்தைப் போட்டா, துண்டு போடற மாதிரி உறைஞ்சுது. அது ஒண்ணே போறும், இவா தட்டுல ஜெலட்டின் இல்லைங்கறதுக்கு. லேபே வேண்டாம்."

"மூணாவது?" என்றார் தேசிங்கு, தெரியாதவர் போல.

"மூணாவதுல ஜெலட்டினும், கொதிக்க வெச்ச அன்னாசியும். சூடு பட்டா என்சைம் செத்துடும், உறைஞ்சுடும். டின்னுல அடைக்கறபோதும் கொதிக்க வெக்கறா. அதனால ஜெலட்டின்ல உறைஞ்ச இந்த டப்பா அன்னாசி, டின் அன்னாசி. வளையமா சீவி வெட்டின துண்டு, கண்ணாலயே பாக்கலாம். டின்னே ஏறாத அடுப்படிக்காரர்தான் பதில் சொல்லணும்."

"யாரோ மாத்தி வெச்சிருக்கான்! எனக்கு எதிரிங்க ஜாஸ்தி," என்றார் சண்முகவேல். குரலில் ஜரிகை இறங்கியிருந்தது.

விசாலாக்ஷி பைக்குள்ளிருந்து கார்டை எடுத்து மேசையில் போட்டார்.

"முந்தின நாள் சனிக்கிழமை கேக் சாமான் கடையில ஜெலட்டின் வாங்கி, அறுத்த அன்னாசியைப் போட்டு, உறையலைன்னு திரும்பிப் போய் அந்த மனுஷனோட மல்லுக்கு நின்னேளே, அங்க வீசிட்டு வந்த கார்டு. டின் அன்னாசி போடுன்னு சொல்லிக் குடுத்ததும் அவர்தான். களவு பண்ணப் போன இடத்துல பேர், ஃபோன் நம்பர், படம் எல்லாம் குடுத்துட்டு வந்த மகானுபாவரை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். திருட்டுத்தனத்துக்கும் கொஞ்சம் அடக்கம் வேணும் ஓய்."

சண்முகவேல் கார்டைப் பார்த்தார். அதில் அவரே கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி?" என்றார் சுந்தரவல்லி.

சண்முகவேல் கார்டைக் கவிழ்த்துப் போட்டார். ஹமீதுன்னிசாதான் சொன்னார்: "ஆவணியில இருந்து இனிப்பு மேசை பூரா என்கிட்டயே குடுக்கிறதா நீங்க சொன்னீங்களேம்மா. அவரும் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தாரு."

"இன்னொண்ணு," என்றார் விசாலாக்ஷி. "எலும்புப் பொடி இந்த மண்டபத்துக்குள்ள வந்தது வாஸ்தவம். அஞ்சு நாளா உங்க ஃப்ரிட்ஜ்லதான் இருந்தது. கொண்டு வந்து வெச்சது விபூதி பூசிண்ட கை."

சண்முகவேல் எழுந்து வெளியே போனார். யாரும் தடுக்கவில்லை. தேசிங்கு மட்டும், "பாத்துப் போ நைனா, கார்டு வுட்டுட்ட," என்று குரல் கொடுத்தார்.

சுந்தரவல்லி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை, தப்பு நடக்காம நின்னுச்சு. ஹமீதா, நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. அவன் அப்படி நம்ப வெச்சுட்டான்."

"அவன் உங்களை நம்ப வைக்கவே இல்லை," என்றார் விசாலாக்ஷி. "ஒரு டப்பாவைக் காட்டினான், அவ்வளவுதான். அஞ்சு வருஷமா இவா கையால சாப்பிட்டேள். ‘இதுல என்ன போடறேள்’னு ஒரு வார்த்தை இவாளைக் கேக்கத் தோணலை. அவன் சொன்னது காதுல விழறதுக்கு முன்னாடியே நீங்க தயாரா இருந்தேள்."

சுந்தரவல்லி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஹமீதுன்னிசாவிடம், "அடுத்த முகூர்த்தத்துக்கு நீங்கதான் வரணும். மொத்த மேசையும் உங்களுக்குத்தான்," என்றார்.

ஹமீதுன்னிசா யாரும் காட்டாத நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வர்றதா வேணாமான்னு அப்புறம் யோசிக்கிறேன். திங்கள்கிழமையே நாலு மண்டபத்துக்கு ஃபோன் போட்டு நீங்கதான் சொன்னீங்க. அந்த நாலு பேரும் என் ஃபோனை எடுக்கல. இப்ப அந்தக் குரூப்புல சொல்லுங்க. எழுத வேணாம், உங்க குரல்ல சொல்லுங்க. என் பேரையும் சொல்லணும், அவர் பேரையும் சொல்லணும்."

"ராத்திரி நிதானமா..."

"நாங்க இருக்கோம். சொல்லுங்க."

விசாலாக்ஷி ஏசியைப் போட எழுந்த தேசிங்கைக் கண்ணால் தடுத்தார். வியர்த்து வழிய, சுந்தரவல்லி ஃபோனை வாய்க்கருகே கொண்டுபோனார். முதல் தடவை பெயரைச் சொல்லாமல் ‘அந்தம்மா’ என்று ஆரம்பித்தார். ஹமீதுன்னிசா தலையை ஆட்டினார். அழித்துவிட்டு இரண்டாவது தடவை ஆரம்பித்தார்.

"ஹமீதுன்னிசா மேல நான் சொன்னது பொய்," என்று கேட்டது.