விண்ணப்பத்தில் இல்லாத படி

காலை எட்டு மணிக்குக் காப்புரிமை அலுவலகச் சோதகர் நாச்சியார் கைபேசியை வாசலில் ஒப்படைத்துவிட்டு மீட்டுருவாக்க அறைக்குள் போனாள். உள்ளே ஒரு பாக்டீரியா குப்பி, புற ஊதா விளக்கு, டாக்டர் இளம்பரிதியின் காப்புரிமை விண்ணப்பம், அவ்வளவுதான். எழுதியிருப்பதை மட்டும் வாசித்து, முன்பின் தெரியாத ஒருத்தி அதே உயிரை உண்டாக்கிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் காப்புரிமையும் கிடையாது, அந்த உயிரும் கிடையாது. தப்பிப் பரவிய நுண்ணுயிர்கள் ஓர் ஊரையே காலி செய்த பிறகு வந்த சட்டம் அது. விவரிக்க முடியாத உயிர் எரிப்பதற்குச் சூளைக்குப் போகும்.

நான்காவது தடவையும் பாக்டீரியா கொழுகொழுவென்று வளர்ந்தது. இரத்தத்தை உறையவைக்கும் புரதத்தை மட்டும் சொட்டுகூடச் சுரக்கவில்லை. இரத்தம் உறையாத நோயுள்ள அறுநூறு குழந்தைகள் அதற்காகக் காத்திருக்கிறார்கள். இந்த மனுஷன் எதையோ மறைத்துக்கொண்டு உரிமையும் கேட்கிறார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவர் ஆய்வகத்துக்கே போய்விட்டாள்.

"ஒரு எழுத்துகூட மறைக்கலை மேடம். நீங்களே பாருங்க," என்றார் டாக்டர்.

எல்லாம் எழுதியபடியே நடந்தது. 'பிறழ்வுற்றதைத் தேர்ந்தெடுக்கவும்' என்ற வரி வந்ததும், பாக்டீரியா வளர்ந்து அடுக்கடுக்காக இருந்த தட்டுகளை உதவியாளப் பெண் தவசுவிடம் தள்ளிவிட்டு அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்க ஆயுள் போதாது. தவசு மூடிகளை நூலளவு தூக்கி, முகத்தைத் தாழ்த்தி, ஒன்றை மட்டும் எடுத்து வைத்தாள். நாச்சியார் விடுவாளா?

"மோந்தா பாக்கறீங்க?"

"ஆமா மேடம். சுரக்கறதுக்குத் தனி வாசனை இருக்கு."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?" என்று டாக்டர் பாய்ந்தார்.

"யாரும் கேக்கலையே சார்."

அவர் தட்டுகளை வாங்கி வாங்கி மோந்து பார்த்தார். அவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. "என்ன வாசனைன்னு சொல்லு, எழுதிடலாம். நாளைக்கே மோப்பக் கருவி வாங்கிப் போட்டுடலாம்."

"அப்புறம் நான் எதுக்கு சார்?" தவசு அவர் கையிலிருந்த தட்டை வாங்கி மூடினாள். "சொல்றேன். கண்டுபிடிச்சவங்கள்ல என் பேரையும் போடுங்க."

"தட்டு கழுவற பொண்ணு பேரையா?"

"அப்ப எனக்கு ஒரு வாசனையும் தெரியாது மேடம்."

பச்சைப் பொய். ஆனால் சொல்லாததை எழுதிக்கொள்ள நாச்சியாருக்கு அதிகாரமில்லை. சூளை ஆணையை எடுத்து மேசையில் விரித்தாள். கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட்டும் விட்டாள்.

"இருங்க, இருங்க மேடம்!" டாக்டர் தவசுவின் பக்கம் திரும்பினார். "உன் முழுப் பேர் என்ன?"

பதினோரு ஆண்டுகளாகத் தினமும் தனக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தவளிடம் அப்போதுதான் கேட்டார்.