இரண்டாவது எஃப்

நீக்கப்போகும் பொருட்களின் பட்டியலில் தொட்டில் என்று ஒரு வரி இருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள். இன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை. வெளியே மழை பிடித்துக்கொண்டதில் பிற்பகலே இருட்டிக் கிடந்தது. பக்கத்து அறையிலிருந்து குழந்தை சுண்டு மூச்சுவிடும் சத்தமும், மரத்தொட்டிலின் மெல்லிய கிறீச்சும், பாலும் பவுடரும் கலந்த வாசனையும் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தன. ஆபீஸ் சர்வரில் இருக்கும் தன் ஃபோல்டரைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்றுதான் உட்கார்ந்தாள். ஃபைல்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில் அதற்கு ஒரு கட்டளை உண்டு: கிளீன். தன்னிடம் பதிவாகாத எதுவானாலும் கிட்டுக்கு அது குப்பைதான். -nd என்று போட்டால் எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று சும்மா காட்டும். -fd என்று போட்டால் ஒரு வார்த்தை கேட்காமல் நீக்கிவிடும். முதலில் என், பிறகுதான் எஃப். குழம்புக்கு உப்புப் போட மறந்தாலும் மறப்பாள், இதை மறக்கமாட்டாள்.

வழக்கமான பழைய லாக் ஃபைல்களுக்குக் கீழே, ஆங்கில எழுத்தில் தமிழ் வார்த்தைகள். நீக்கப்படும்: தொட்டில். நீக்கப்படும்: கொசுவலை. நீக்கப்படும்: பவுடர். கடைசி வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது. தவிர்க்கப்படும்: சுண்டு.

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. வேறு யார், கணவன்தான். அவனுக்கும் இதே பிழைப்பு. காலையில் அவள் குளிக்கப் போன நேரமாகப் பார்த்துக் காலி ஃபோல்டர்களை உருவாக்கி வைத்திருப்பான். பெண்டாட்டி வேலைக்குத் திரும்புகிறாள் அல்லவா, வரவேற்பாம். "வாலு," என்று முணுமுணுத்துவிட்டு -fd அடித்து என்டரைத் தட்டினாள்.

நீக்கப்பட்டது, நீக்கப்பட்டது என்று வரிகள் ஓடின. தவிர்க்கப்பட்டது: சுண்டு.

பக்கத்து அறையில் கிறீச் சத்தம் நின்றது.

தானாக நின்றிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் பவுடர் வாசனையும் போயிருந்தது. எழுந்து போனாள். வெறும் தரையில் சுண்டு மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டில் இருந்த இடத்தில் தூசி. பல மாதமாக யாரும் எதையும் வைக்காத இடத்தில் படிகிற தூசி.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு கணவனுக்கு ஃபோன் போட்டாள்.

"டேய், தொட்டில் எங்கடா?"

"எந்தத் தொட்டில்? நம்ம வீட்ல ஏது தொட்டில்?" என்றான். "சுண்டு எப்பவும் உன் பக்கத்துலதானே படுப்பா. என்ன ஆச்சு உனக்கு? இரு, நான் கிளம்பி வரேன்."

அவன் விளையாடவில்லை. அவன் விளையாடும்போது குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கிட் சுண்டுவை ஏன் விட்டுவைத்தது என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு ஃபோல்டருக்குள் தனக்கென்று ஒரு வரலாறு தொடங்கியிருந்தால் ஒற்றை எஃப்புக்கு அது அசையாது. -ffd என்று இரண்டு எஃப் போட்டால்தான் போகும்.

யாராவது அதைப் போடுவதற்குமுன் சுண்டுவைப் பதிவு செய்துவிட வேண்டும். இடதுகையில் குழந்தை, வலதுகையில் கீபோர்டு. சுண்டுவைச் சேர் என்று அடித்தாள். முடியாது, இதற்குள் இன்னும் ஒரு பதிவுகூட இல்லை என்று பதில் வந்தது. சரி, உள்ளே போய் ஒரே ஒரு பதிவு போட்டால் தீர்ந்தது. அரை நிமிட வேலை. ஒற்றைக் கையில் எழுத்து மாறி விழுந்தது. அழித்தாள். மறுபடி மாறி விழுந்தது.

ஃபோன் அடித்தது. டீம் லீடர்.

"வாங்கம்மா, பாப்பா எப்படி இருக்கா? உங்க ஃபோல்டர்ல ஏதோ ஒண்ணு போகாம ஒட்டிக்கிட்டு நிக்குது. அதனால மொத்த புரோகிராமோட பில்ட்டும் உடைஞ்சிடுச்சு."

"சார், தொடாதீங்க சார்."

"நீங்க எதுக்குக் கஷ்டப்படணும், நானே இங்கிருந்து கிளீன் பண்ணிடறேன். லீவுல போறப்ப நீங்கதானே எழுதிக் குடுத்துட்டுப் போனீங்க, ஒரு எஃப்புல போகலைன்னா ரெண்டு எஃப் போடுங்கன்னு."

"வேணாம் சார். கையெடுத்துக் கும்பிடறேன், வேணாம்."

"அட, போட்டாச்சும்மா."

லேப்டாப்பை அறைந்து மூடினாள். பயனில்லை. எல்லாம் சர்வரில். இங்கே இருப்பது வெறும் திரை.

சுண்டு கண் விழித்தாள். அம்மாவைப் பார்த்தாள். கொட்டாவி விட்டாள். சின்ன விரல்கள் அவள் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டன. சூடாக. இறுக்கமாக.

இறுக்கம் குறைந்தது.

இல்லை. இல்லை. இல்லை.

"ஹலோ?" என்றார் டீம் லீடர். "அதுல முக்கியமா ஏதாவது இருந்துச்சா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். மழை நின்றிருந்தது.

"இல்ல சார். ஒண்ணுமில்ல."

கணவன் வந்து கதவைத் திறந்தபோது வீடு முழுக்க இருட்டு. சுவிட்சைத் தட்டினான். ஜன்னலோரம் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"லைட்டுகூடப் போடாம என்ன பண்ற? ஃபோன் பண்ணி எதையோ எங்கன்னு கேட்ட. என்னன்னுகூட ஞாபகம் வரலை, ஓடி வந்தேன்."

"தெரியலை," என்றாள். அவள் சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் பால் ஊறி நனைந்திருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் கைகள் இரண்டும் மடங்கி, ஒன்றுமில்லாததை மார்போடு அணைத்து, மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தன. அவன் அந்தக் கைகளைப் பிடித்து நிறுத்தினான். விட்டதும் மறுபடி ஆடின.