நான்கு விரல் கோணல்

காலையில் எழுந்ததும் செண்பகவல்லி வீட்டுச் சுவர்களில் காது வைத்துக் கேட்பாள். தென்பாறையில் எல்லா வீடுகளிலும் அதுதான் வழக்கம். மெல்லிய சீழ்க்கைச் சத்தம் வந்தால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். உடனே முகமூடியை மாட்டிக்கொண்டு குடியிருப்பு வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். சத்தம் இல்லையென்றால் காப்பிக்கு வெந்நீர் வைக்கலாம்.

அன்று சுவர்கள் அமைதியாகத்தான் இருந்தன. சமையலறைத் திரையில் வந்திருந்த வாரியத்தின் கடிதம்தான் அவளுடைய காப்பியை ஆறவைத்தது. 'தங்கள் கூடுதல் அறை விண்ணப்பம் வரிசையில் உள்ளது. இன்னும் பதினோரு மாதங்களில் கட்டுமி வரும்.'

கட்டுமி என்பது வீடு கட்டும் எந்திரம். ஆறு கைகள், ஓய்வு கிடையாது, மயிரிழை பிசகாது. மனிதர்கள் செவ்வாயில் குடியேறிய அறுபது ஆண்டுகளில் தென்பாறையின் நாலாயிரம் வீடுகளையும் கட்டுமிகள்தாம் கட்டின. மலைச்சரிவில் இயற்கையாக இருந்த குகைகளின் வாயைச் செம்மண்கல்லால் அடைத்து, உட்புறம் முழுக்கக் காற்றுப்பூச்சு பூசி, காற்றை நிரப்பினால் வீடு. சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் ஜனங்கள் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

செண்பகவல்லியால் காத்திருக்க முடியாது. அவளுடைய ஒரே அக்கா மரகதம், கோவில்பட்டி வீட்டை விற்றுவிட்டுக் கப்பலேறி ஆறு மாதம் ஆகிவிட்டது. இன்னும் எழுபது நாளில் வந்து இறங்குவாள். புதிதாக வருகிறவருக்கு உறவினர் வீட்டில் தனியறை இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இல்லையென்றால் வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பிப் போனாலும் அக்காவுக்கு அங்கே வீடு இல்லை. விண்ணப்பம் போட்டபோது வாரியம் நான்கு மாதம் என்றுதான் சொல்லியிருந்தது.

"ஏங்க, நம்ம வீட்டுக்குப் பின்னால சும்மா கெடக்கே ஒரு குகை, அதை நானே அறையாக்கிருதேன்" என்றாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவன் ஆவுடையப்பன் சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டான். கணக்கு வாத்தியாரான அவனுக்கு எதுவும் கணக்கில் அடங்க வேண்டும். "நீயா? அது கட்டுமி பண்ணுத வேலைல்லா!"

"கட்டுமி வாறதுக்குள்ள எங்க அக்கா திரும்பிப் போயிருவா. நீர்நிலையத்துல இருபத்திரண்டு வருசமா ஒரு குழாய்கூட ஒழுகாமப் பாத்துக்கிட்டிருக்கேன். தண்ணிய அடைக்கத் தெரிஞ்சவளுக்குக் காத்த அடைக்கத் தெரியாதா?"

ஆவுடையப்பன் பாதியில் விட்ட பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

கட்டுமானப் பண்டகசாலைக்கு மனிதர்கள் யாரும் வருவதில்லை. கட்டுமிகள் வாசலில் வந்து நிற்கும். அலமாரிகள் தாமாகவே சாமான்களை நீட்டும். கண்காணிப்புக்கு உட்கார்ந்திருந்த பீர் முகம்மது ஆள் நடந்து வருவதைப் பார்த்ததும், வழி தவறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார்.

செண்பகவல்லி கையிலிருந்த பட்டியலை நீட்டினாள். மண்கல், ஒட்டுப்பசை, காற்றுப்பூச்சு, கரண்டி, நூல், தூக்குக்குண்டு, தேய்ப்புப் பலகை. ஏழே சாமான்.

பீர் முகம்மது படித்துவிட்டுச் சிரித்தார். "இந்த ஏழை வச்சு ஒரு சுவரும் முடியாது, தங்கச்சி. ஊர்ல எங்க வாப்பா கொத்துவேலை பாத்தவரு. ஒரு வேலைக்கு நாலு தடவையாவது கடைக்கு நடப்பாரு. ஒவ்வொரு தடவையும், இதுதான் கடைசின்னுட்டுப் போவாரு."

"எனக்கு ஒரு தடவை போதும், பாய்."

அவள் பதினோரு தடவை போனாள். முதல் நாள் பசையை வாங்கிவந்த பிறகுதான் அதைக் கலக்கத் தொட்டி வேண்டும் என்று தெரிந்தது. தொட்டி வந்தபின் துடுப்பு. பூச்சு மூன்று வகை என்பதும், தான் வாங்கியது தரைக்கு உரியது என்பதும் டப்பாவை உடைத்த பிறகுதான் புரிந்தது. பண்டகசாலைக்குள் நுழைந்துவிட்டால் பளபளக்கும் கருவிகளுக்கு நடுவே அவளுக்குக் கால் நகராது. எதற்கென்றே தெரியாத ஒரு வளைந்த இடுக்கியை, என்றைக்காவது உதவும் என்று எடுத்துக்கொண்டாள். ஆவுடையப்பன் சாப்பாட்டு மேசையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதன்மேல் அவ்வளவு டப்பாக்கள்.

குகைக்குள் காற்று இல்லை. புற உடையை மாட்டிக்கொண்டு, தலைக்கவசத்தின் விளக்கொளியில் வேலை செய்தாள். கட்டை விரல் தடிமன் உள்ள கையுறைக்குள்ளிருந்து கல்லைப் பிடிப்பதே பெரும்பாடு. ஒட்டுப்பசையோ நாற்பது மூச்சுக்குள் இறுகிவிடும். முதல் வரிசை நேராக வந்தது. இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு கல் வழுக்கி வெளியே துருத்தியது. தட்டிச் சரிசெய்வதற்குள் பசை இறுகிவிட்டது. அடுத்த கல்லை அதற்கு ஏற்ப வைத்தாள். அதற்கடுத்ததை இதற்கு ஏற்ப. ஐம்பத்தைந்தாம் நாள் சுவர் எழும்பி நின்றபோது, அதன் நடுவில் சாப்பிட்டு முடித்தவனின் வயிறுபோல ஒரு புடைப்பு இருந்தது.

அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. சுவர் நின்றது. அது போதும். மூன்று தரம் காற்றுப்பூச்சு பூசி உலரவிட்டாள்.

கப்பல் வர மூன்று நாள் இருக்கும்போது அறைக்குள் காற்றை நிரப்பினாள். காற்றழுத்த அளவியின் முள் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஆவுடையப்பன் கைதட்டினான். நான்கு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது முள் ஒரு கோடு இறங்கியிருந்தது.

"போதும், விட்டுரு" என்றான் அவன் மெதுவாக. "நீ உள்ள இருக்கும்போது பூச்சு பிளந்துச்சுன்னா என்ன ஆவும்? அக்காகிட்ட நான் பேசுதேன்."

"என்ன பேசுவீங்க? திரும்பிப் போங்கன்னா? கசியுதுன்னு தெரிஞ்சுபோச்சு. எங்கேன்னு கண்டுபிடிச்சா முடிஞ்சது."

அலமாரியிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு, புற உடையோடு மறுபடி அறைக்குள் போனாள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துவிட்டு, பவுடரைக் கை நிறையத் தட்டி கைப்பம்பால் தூவினாள். வெண்புகைபோல அது அறை முழுக்க மிதந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு, தரையோரம் மேற்கு மூலையில், வெள்ளை நூல் ஒன்றை யாரோ இழுப்பதுபோல் பவுடர் சுவரை நோக்கி நகர்ந்தது. பாறையும் கல்லும் சேரும் இடத்தில், கடுகு அளவு ஒரு துளை.

"அகப்பட்டியா!" என்று அவள் கத்தியது காதொலிப்பானில் கேட்டு, ஆவுடையப்பன் பயந்தே போனான்.

துளையை அடைத்து மேலே இரண்டு தரம் பூசினாள். மறுநாள் முழுவதும் முள் அசையவில்லை.

சோதனைக்கு வந்த வாரியத்தின் கட்டுமி சுவரை ஒளிக்கோலால் அளந்தது, தட்டிப் பார்த்தது, புடைப்பை மறுபடி அளந்தது.

"கசிவு இல்லை. உறுதி போதுமானது. சுவரின் நடுவில் நான்கு விரல் கோணல் உள்ளது. காரணம்?"

"என் கைதான், வேற என்ன?"

"காரணம், கை" என்று கட்டுமி பதிந்துகொண்டது. 'செய்தவர்' என்ற கட்டத்தில் எந்திர எண்ணை மட்டும்தான் எழுத முடியும் என்றது. அவள் தன் குடியுரிமை எண்ணைச் சொன்னாள். படிவம் ஏற்றுக்கொண்டது.

மரகதம் வந்து இறங்கினாள். தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அறையைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, கொத்தன் குடிச்சிட்டு வந்தானா?" என்றாள். ஆவுடையப்பனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்கு அக்கா அந்த அறையில் நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகுதான் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். தென்பாறையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். கோணல் சுவரைக் கண்ணால் கண்டதில்லை. அந்தப் புடைப்பைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். "உயிர் இருக்கற மாதிரி இருக்குல்ல?" என்றார்கள். எங்களுக்கும் இப்படி வேண்டும் என்று வாரியத்துக்கு எழுதினார்கள். ஒரே மாதத்தில் இரண்டாயிரம் கடிதங்கள்.

வாரியம் கேட்டதைக் கொடுக்கத் தெரிந்த நிறுவனம். 'கைவளைவு' என்று ஒரு புதிய மாதிரியை அறிவித்து, அதற்கென்றே நூறு கட்டுமிகளை ஒதுக்கியது. நேர்ச்சுவர் வேண்டுமென்றால் ஒன்றரை ஆண்டு, கைவளைவு மறுநாளே. வீட்டுக்கு வீடு, மூன்றாம் வரிசையில், அதே கல் வழுக்கி, அதே நான்கு விரல் துருத்தியது.

இரண்டு வருடம் போயிற்று. அடுத்த வீட்டு நிறைமதி ஒருநாள் வந்தாள். புது அறை எடுக்கிறாளாம்.

"எல்லார் வீட்லயும் கட்டுமி வச்சதுதான்கா. எங்களுக்கு நிஜமாவே கையால வச்சது வேணும். நீங்கதான் வைக்கணும். சாமான் எல்லாம் நாங்க வாங்கித் தந்துர்றோம்."

செண்பகவல்லிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இதற்குள் அவள் தன் வீட்டிலேயே இன்னும் இரண்டு தடுப்புச் சுவர்கள் எழுப்பியிருந்தாள். கையுறைக்குள் விரல்கள் பழகியிருந்தன; பசை இறுகும் நொடி அவளுக்கு மூச்சுக்கணக்கு இல்லாமலே தெரியும். இந்தத் தடவை ஒரே நடையில் சாமான் வாங்கி, பீர் முகம்மதுவை வாய் பிளக்கவைத்தாள். நூல் பிடித்து, குண்டு விட்டு, இருபத்தெட்டு நாளில் முடித்தாள். முள் முதல் சோதனையிலேயே அசையவில்லை. சுவர் கண்ணாடிபோல நின்றது. இத்தனை வருட வேலையில் அவளுக்கு இப்படியொரு நிறைவு வந்ததில்லை.

நிறைமதி பார்த்தாள். சுவரை ஒருமுறை தடவினாள். ஏதோ தேடுவதுபோல இன்னொரு முறை தடவினாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. இது... மெஷின் வச்ச மாதிரில்ல இருக்கு?"

"என் கையாலதான் வச்சேன். நீதான் தெனமும் பாத்தியே!"

"எனக்குத் தெரியும்கா. வீட்டுக்கு வர்றவங்களுக்குத் தெரியணும்ல?"

மறுநாள் கட்டுமி வந்தது. ஒரு மணி நேரத்தில் அந்தச் சுவரை இடித்து வாரிவிட்டு, மதியத்துக்குள் புதிது வைத்துப் பூசி முடித்தது.

புதுமனை விருந்துக்குச் செண்பகவல்லியும் அக்காவும் போயிருந்தார்கள். மரகதம் தங்கையின் காதோரம் குனிந்து, "நீ வச்ச சுவர் எங்கட்டி?" என்று கேட்டாள். செண்பகவல்லி தட்டிலிருந்த கேசரியை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணாலேயே பேசாமலிரு என்றாள். எதிரே, விருந்தாளிகளில் வயதான ஒரு பெண்மணி கட்டுமியின் கோணலில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, நெடுமூச்சு விட்டாள்.

"ஆயிரம் சொல்லுங்க, மனுசக் கை பட்டா அது தனிதான். மெஷினுக்கு இதெல்லாம் வருமா?"